கல்லாங் கரையில் இரண்டு சம்பந்திகள்

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி, திருச்சி விமான நிலையம். ஆடி மாதத்தில் யாராவது வளைகாப்பு வைப்பார்களா என்று எங்கள் தெருவில் என்னைக் கேட்காதவர்கள் பாக்கியில்லை. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். நாட்டை விட்டு வெளியே போக அனுமதி எந்த மாதம் கைக்கு வருகிறதோ அதுதான் நல்ல மாதம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாளிடமும் இதைச் சொன்னேன். அவர் மகன் கல்யாணத்தையே மார்கழியில் நடத்தியவராம். சிரித்துக்கொண்டே பெட்டியை எடைமேடையில் தூக்கி வைத்தார்.

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு இந்த அனுமதி சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். காவிரித் தண்ணீருக்காகப் பேச்சு, வழக்கு, பந்த் என்று போய்க்கொண்டிருந்த தகராறு ஒரு வருஷம் பீரங்கியில் போய் முடிந்தது. யார் முதலில் சுட்டது என்பதற்கு இரண்டு கரையிலும் இரண்டு பாடப்புத்தகம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் புத்தகத்தை ஓய்வு பெறும்வரை நானே மாயவரத்தில் நடத்தியிருக்கிறேன். நான் பூகோள டீச்சர். ஒரு சம்பா பருவம் முழுக்கச் சண்டை நடந்தது. அந்த வருஷம் ஆற்றை யாரும் கவனிக்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக் கடலில் விழுந்தது. இப்போது மேல்கரை ஒரு நாடு, கீழ்க்கரை ஒரு நாடு. எதிர்க்கரைக்குப் போக யாருக்கும் அனுமதி கிடையாது. வேறு தேசங்களுக்குப் போகலாம், ஆனால் ஆண்டுக்கு முப்பது நாள்தான். உத்தியோகத்துக்குப் போனவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. இரண்டு அரசாங்கமும் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்த விதி என்பதால் இதில் மட்டும் சண்டை இல்லை.

என் ஒரே மகள் கயல்விழி அப்படி உத்தியோகத்துக்காகச் சிங்கப்பூர் போனவள். போன இடத்தில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த மஞ்சுநாத்தைக் கட்டிக்கொண்டாள். மஞ்சுவின் ஊர் ஸ்ரீரங்கப்பட்டணம், அதாவது மேல்கரை. கல்யாணத்தை நான் ஃபோனில்தான் பார்த்தேன். தாலி கட்டும் நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

என் திட்டம் எளிமையானது. வளைகாப்பை முடிப்பது, பெண்ணை மாயவரத்துக்கு அழைத்து வருவது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது போர் வந்தும் மாறாத சட்டம். மஞ்சு கூட வர முடியாது, அது ஊரறிந்த விஷயம். பிள்ளை பிறந்த பிறகு அதற்கு அனுமதி வாங்கித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். ஃபோனில் சொன்னபோது கயல், "வாங்கம்மா, பேசிக்கலாம்" என்றாள். "பேசிக்கலாம்" என்பதை எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. ஆற்று விவகாரமும் அப்படித்தான் ஆரம்பித்தது.

மாலை ஐந்தரை, சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம். நாலு மணி நேரப் பயணம், கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டேன். கயலின் வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக்குக்கு டாக்சியில் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், முப்பத்தொன்பது வெள்ளி ஆனது, டாலரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஓட்டுநர் நம்மவர், மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர். ஏறியதுமே நான் மேல்கரையா கீழ்க்கரையா என்று விசாரித்தார். கீழ்க்கரை என்றேன். எங்களை எப்படி அடையாளம் பிரிப்பீர்கள் என்று கேட்டதற்கு, "எங்க பிரிக்கிறது? ரெண்டு பேருமே ஏறினதும் ஏசியைக் கொறைக்கச் சொல்றீங்க லா" என்றார். நானும் அப்போதுதான் குறைக்கச் சொல்லியிருந்தேன்.

ஒன்பதாம் மாடியில் கதவைத் திறந்தவர் சம்பந்தியம்மாள். பெயர் ஜெயம்மா. பெங்களூரிலிருந்து காலையே வந்துவிட்டாராம். ஒல்லியான உடம்பு, கனத்த கண்ணாடி. போருக்கு முன்னால் அவர் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்தன, அதனால் தமிழ் பேசுவார். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையையும் தடவிப் பார்த்துப் பேசுவார். எதிரி தேசத்து மனுஷியை நான் நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் முறுக்கு டப்பாவை நீட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். அதிலும் முறுக்குத்தான், அவர்கள் சக்குலி என்கிறார்கள். கயல் இரண்டையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டாள். அதன் பிறகு எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நல்லதாக இருந்ததெல்லாம் என்னுடையது என்றே வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை, காலை பத்து மணி. வளையல் வாங்க லிட்டில் இந்தியா புறப்பட்டோம். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அது தேக்கா. புக்கிட் பாத்தோக்கில் ரயில் ஏறி, ஜூரோங் ஈஸ்ட்டில் ஒரு தடவை, ஊட்ரம் பார்க்கில் ஒரு தடவை மாற வேண்டும். கயலும் மஞ்சுவும் நின்றுகொண்டு என்னையும் ஜெயம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பேச்சு வளரட்டும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

பேச்சுக்காக, எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், பொய் சொல்வானேன். முப்பது நாளையும் ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டு வந்தவள் நான். இவர் அஞ்சு நாளில் போய்விடுவார், மீதியெல்லாம் எனக்கும் என் பெண்ணுக்கும். பாவம், அவ்வளவுதான் கிடைத்ததா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். முப்பதும் கெடைச்சுது. அஞ்சுதான் எடுத்தேன். மீதிய வெச்சிருக்கேன்."

பிரித்து எடுக்கலாமாம். முன்னதாகத் திரும்பிவிட்டாலும் மிச்ச நாள் நம் கணக்கிலேயே நிற்குமாம். விதியில் இருக்கிறது, நானும் படித்துத்தான் இருக்கிறேன். ஆனால் வந்ததை மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனையே எனக்கு எழவில்லை. எழாது. தண்ணீர் வந்தால் வந்த அன்றே வயலுக்குப் பாய்ச்சிவிடுகிற ஊர் எங்களுடையது, நாளைக்கு வருமா என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் அணை கட்டித் தேக்கிப் பழகியவர்கள். ஊட்ரம் பார்க் வந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கயல் என்னோடு வராவிட்டால், பிரசவத்தின்போது என் கையில் ஒரு நாள்கூட இருக்காது. இந்த அம்மாள் கையில் இருபத்தைந்து நாள் இருக்கும்.

சிராங்கூன் ரோட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசமாக இருக்கும் என்றான் மஞ்சு. பூக்கடை, நகைக்கடை, ஃபோன் அட்டை விற்கும் கடை, நடுநடுவே பரோட்டா வாசனை. வளையல் கடையில் ஜெயம்மாவும் நானும் ஆளுக்கொரு மூலையில் நின்று, சொல்லி வைத்தாற்போல் ஒரே பச்சைக் கண்ணாடி வளையலை எடுத்தோம். டஜன் மூன்று வெள்ளி. கடைக்கார அம்மாள் இரண்டையும் ஒரே பையில் போட்டார். தனித்தனியாகப் போடச் சொன்னேன். "ஒரே கைக்குத்தானே போடப்போறீங்க, எதுக்குக்கா ரெண்டு பை?" என்றார். அப்படியும் இரண்டு பையில்தான் வாங்கிக்கொண்டேன்.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடையில் வாழையிலைச் சாப்பாடு, தலைக்குப் பதினோரு வெள்ளி. ரசம் இரண்டாவது தடவையும் ஊற்றினார்கள். நான் கயலிடம் டிக்கெட் பேச்சை எடுத்தேன். அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, "நாளைக்குப் பேசலாம்மா" என்றாள். ஜெயம்மா தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று எந்த மாமியாரும் சொல்ல முடியாது, அவர்கள் பக்கத்திலும் அதே சட்டம்தான். அவர் வாயைத் திறக்காததில் எனக்குத் தெம்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை. ஆடிப் பதினெட்டு. சாயங்காலம் வளைகாப்பு, காலையில் ஆற்றங்கரை. ஆறில்லாத பதினெட்டா? லாவெண்டர் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் கல்லாங் ஆற்றங்கரைப் பூங்கா. புல்வெளி, தென்னை மரம், கரையோரமாகக் கொஞ்சம் மணல், எதிரே உயரமான வீடுகள். ஆற்றில் சிலர் நீளப் படகை ஒரே தாளத்தில் துடுப்புப் போட்டுப் போனார்கள். மஞ்சு முன்கூட்டியே எச்சரித்துவிட்டான். தண்ணீரில் பூவோ வளையலோ எதுவும் போடக்கூடாது, அபராதம். எல்லாவற்றையும் காட்டிவிட்டு வீட்டுக்கே திருப்பி எடுத்துப் போக வேண்டும். ஆற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வது எனக்குப் புதுசு.

நான் காதோலை கருகமணி, மஞ்சள், சித்ரான்னம் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். ஜெயம்மா ஒரு சின்ன முறத்தில் வளையலும் குங்குமமும் பருப்பும் அடுக்கியிருந்தார். அணை நிரம்பும்போது அவர்கள் ஆற்றுக்குக் கொடுப்பதாம். நான் ஓரிடத்தில் துணி விரித்தேன். அவர் எனக்கு இடப்பக்கம் பத்தடி தள்ளி முறத்தை வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. இங்கே வந்துமா மேலே நிற்க வேண்டும்? துணியைச் சுருட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போய் விரித்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், முறத்தைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். நான் மறுபடி தாண்டினேன். இப்படியே போய், தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர் மேல் இடித்துக்கொள்ளாத குறையாக நின்றோம். அவர் தன் வாளியைப் பத்திரமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்.

பின்னால் கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, இதுல எது மேல, எது கீழ? நீங்கதானே ஜாக்ரஃபி டீச்சர், சொல்லுங்க."

இடப்பக்கம்தான் மேல் என்று சொல்லிவிட்டேன், ஆனால் குரலில் பலமில்லை. நிரூபிக்க ஒரு வெற்றிலையைத் தண்ணீரில் விட்டேன். மஞ்சு "அத்தே, ஃபைன்!" என்று பதறினான். வெற்றிலை நகரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் காற்றடித்த பக்கமாக, நான் சொன்னதற்கு நேர் எதிராகப் போயிற்று. மஞ்சு குனிந்து அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு விளக்கினான். கடல் வாயில் தடுப்பணை போட்டிருக்கிறார்கள், அதற்கு இந்தப் பக்கம் முழுக்கத் தேங்கிய நன்னீர், நிற்கிற இடத்தில் மேலும் கீழும் கண்டுபிடிக்க முடியாது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நதிகள் பாடம் எடுத்தவள், அசையாத தண்ணீரில் மேல்மடைக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெயம்மாவும் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்கு.

பிறகு ஒரே துணியில் எல்லாவற்றையும் வைத்து, விளக்கேற்றிக் காட்டி, அணைத்து, சாப்பிட உட்கார்ந்தோம். புளியோதரையை அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போரைப் பற்றி அப்போதுதான் கொஞ்சம் பேசினோம். அவருடைய கொழுந்தன் திரும்பி வரவில்லை. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்கள் திரும்பி வரவில்லை. அதற்குமேல் இருவரும் அதைத் தொடவில்லை.

கயல் அந்த நேரம் பார்த்துத்தான் சொன்னாள்.

"அம்மா, நான் ஊருக்கு வரல. அங்க பொறந்தா பாப்பாவுக்கு அனுமதி எப்ப வரும்னு யாருக்குமே தெரியாது. அதுவரைக்கும் மஞ்சு ஃபோன்லதான் பாக்கணும்."

"வரும்டி. இப்பல்லாம் சீக்கிரம் குடுக்கிறாங்களாம்" என்றேன்.

ஜெயம்மா சோற்றை இலையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. வரும், வரும்னு தண்ணிக்கு உங்க ஊர்ல எத்தனை வருஷம் உக்காந்திருந்தீங்க?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் யாரைக் கேட்பது? திறக்காமல் வைத்திருந்தவர்கள் கேட்கிற கேள்வியா இது? வாய்வரை வந்துவிட்டது. ஆனால் பதில் எனக்குத்தானே தெரியும். எங்கள் நிலம் கடைமடை. ஆற்றில் விட்ட தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இடம், பல வருஷம் வந்து சேராத இடம். என் வீட்டுக்காரர் ஆனி மாதம் முழுக்கக் காலையில் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலைப் பார்க்கப் போவார். வெறும் மணலைப் பார்த்துவிட்டு வந்து, "சொல்லியிருக்காங்க, வரும்" என்பார். அந்த முகத்தோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இந்தப் பக்கம் மஞ்சு, ஈர வெற்றிலைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். நல்ல பையன். இவனையும் ஒரு கடைமடைக்காரனாக ஆக்கி உட்கார வைக்கப் போகிறேனா, அதுவும் என் கையால்? எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. அழுதேன். ஜெயம்மா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதே நாள், மாலை ஐந்து மணி. வளைகாப்பு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நடந்தது. வீடுகள் இல்லாத திறந்த தளம், அக்கம்பக்கத்தார் கல்யாணம், கருமாதி எல்லாவற்றையும் அங்கேதான் வைத்துக்கொள்கிறார்கள். எட்டாம் மாடி மலாய் அம்மாள், எதிர்வீட்டுச் சீனப் பெண்கள், கயலின் அலுவலகத் தோழிகள் என்று நாற்பது பேர் இருந்தார்கள். சீனப் பெண்கள் வளையல் உடையாமல் போடும் வித்தையை ஒரே நிமிஷத்தில் கற்றுக்கொண்டார்கள். நான் வாங்கியதும் ஜெயம்மா வாங்கியதும் கயலின் கையில் முழங்கைவரை ஏறின. குலுக்கிக் குலுக்கிப் பார்த்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்ததும், பெண்ணைத் தாயிடம் ஒப்படைக்கும் முறை. ஜெயம்மா கயலின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார். காலையில் பேசியதெல்லாம் பேசியது, முறை முறைதானே. "கூட்டிட்டுப் போங்க டீச்சர்" என்றார்.

நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். பெண் இங்கேயே இருக்கட்டும், புதன்கிழமை நான் கிளம்புகிறேன், மிச்ச நாளைக் கையில் வைத்துக்கொண்டு ஐப்பசியில் வருகிறேன் என்று சொன்னேன். கயல் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஆனால் பிரசவத்தன்று யார் இருப்பது என்பது மிச்சமிருந்தது. அந்தத் தேதியைச் சுற்றி இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தால், அடுத்த மாதம் பச்சைப்பிள்ளைக்காரியோடு யாருமே இருக்க மாட்டார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். எங்கள் வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சுவதுபோலத்தான். யாருக்கு முதல் முறை என்பதில் வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது.

நான் கேட்க வாயெடுக்குமுன் ஜெயம்மா சொன்னார். "பொறக்கும்போது நீங்க இருங்க. உங்க நாள் தீர்ற அன்னைக்கு நான் வந்து எறங்கறேன்."

உங்கள் மகனுடைய பிள்ளை, மூன்று வாரம் கழித்துத்தான் பார்ப்பீர்கள் என்றேன்.

"மேல இருக்கறவங்கதானே டீச்சர் மொதல்ல விடணும்" என்றார்.

செவ்வாயன்று அவரை வழியனுப்பப் போனேன். விமான நிலையத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு தே தாரே, அதாவது நுரை பொங்க ஆற்றிய டீ, குடித்தோம். காசை நான்தான் கொடுப்பேன் என்று இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம், அதில் நான் தோற்றேன்.

புதன்கிழமை, பிற்பகல். எனக்குச் சாங்கியில் வழியனுப்புதல். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கயல் கையை ஆட்டினாள். சத்தம் கேட்கவில்லை, வளையல் ஆடுவது மட்டும் தெரிந்தது. சிங்கப்பூரில் எனக்குப் பிடித்ததைப் பட்டியல் போட இடமில்லை. இரண்டு கரைக்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது ஒன்றே போதும். எங்கள் ஊரில் அப்படி ஒரு மேஜை எங்கே இருக்கிறது?

திருச்சியில் வீட்டுக்காரர் வாடகைக் காரோடு நின்றிருந்தார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் குலுங்கக் கூடாதென்று பின்சீட்டில் இலவம்பஞ்சு மெத்தையும் இரண்டு தலையணையும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வரவில்லை என்று நான் ஃபோனிலேயே சொல்லியிருந்தேன். மனசு மாறிவிடும் என்று நினைத்தாராம். எனக்குப் பின்னால் கடைசிப் பயணி வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பெட்டியை வாங்கி முன்சீட்டில் வைத்தார்.

நான் மெத்தையில் காலை நீட்டிக்கொண்டு, நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். தஞ்சாவூர் தாண்டியது. வெட்டாற்றுப் பாலத்தில் கார் ஏறும்போது கேட்டார்.

"அப்போ இன்னும் இருபத்திநாலு நாள் இருக்கா உங்கிட்ட?"

இருக்கிறது என்றேன்.

"நமக்கு மிச்சம் பிடிச்சுப் பழக்கமே கெடையாது" என்றார். "பத்திரமா வெச்சுக்க."